கைகாட்டிக் குடை

மணி கேட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைக்கிள் மணி, என் முதுகுக்குப் பின்னால், இரண்டு முறை, தெளிவாக அடித்தது. எனக்குக் கண்ணாடி உண்டு, பல் செட் உண்டு, முழங்காலுக்குப் பட்டை உண்டு. காது மட்டும் இன்றுவரை பழுதில்லை. மணி கேட்டும் நான் குடையை இறக்கவில்லை.

இதை கல்கத்தாவின் டாக்குரியா பாலத்தில் கூடிய கூட்டத்திடம் நான் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. சொல்வதற்குள் என் பொய் பாலத்தின் இரண்டு முனைகளிலும் மூங்கில் தடுப்பாகக் கட்டப்பட்டுவிட்டது.

அந்தப் பாலத்தைப் பார்த்திராதவர்களுக்காக: கீழே ரயில் போகிறது. மேலே பஸ், ஆட்டோ, டாக்ஸி. ஓரத்தில் ஒரு நடைபாதை. இருவர் எதிரெதிரே தோள் உரசாமல் போகலாம். மூன்றாவது ஆள் வந்தால் யாராவது ஒருவர் உடம்பைத் திருப்பி நிற்க வேண்டும். அந்தப் பாதையில்தான் சைக்கிள்களும் வரும். வரக்கூடாதுதான். ஆனால் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு மேட்டில் ஏறும்போது சைக்கிளில் வருபவர் எங்கே போவார்? மீன் கூடை, தண்ணீர் கேன், பேப்பர் கட்டு, பின்னால் உட்கார்ந்திருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை என்று எல்லாம் நடைபாதையில் ஏறிவிடும். சிலர் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார்கள். சிலர் மணியடித்துக்கொண்டே மிதிப்பார்கள். நடப்பவர்கள் திட்டிக்கொண்டே ஒதுங்குவார்கள். நான் திட்டுகிறவர்களில் ஒருவன். சத்தமாகத் திட்டுகிறவன்.

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து கல்கத்தாவுக்கு வந்த குடும்பம். காலை நடையில் எனக்கு ஒரு துணை உண்டு. எங்கள் கட்டடத்திலேயே மேல் மாடியில் இருப்பவர், பாங்க் அதிகாரியாக இருந்தவர், பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம். அவர் என்னை 'ஓய்' என்பார், நான் அவரை 'வே' என்பேன். இருவருக்கும் இடையில் பாலத்தின் நடுவே தினமும் ஒரு விளையாட்டு நடக்கும். வயதைச் சொன்னால் சிரிப்பீர்கள், சொல்லப் போவதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பல ஸ்டேஷன்களில் சிக்னலுக்கு விளக்கு மட்டும் இல்லை, கம்பத்தில் ஒரு கை இருக்கும். அதனால்தான் அதற்குக் கைகாட்டி என்று பெயர். கை கிடையாக நீண்டிருந்தால் நில்; கீழே சாய்ந்தால் போ. இப்போது எல்லாம் வண்ண விளக்கு. பாலத்தின் கம்பி ஓரம் நின்றால் கீழே அந்த விளக்கு எனக்குத் தெரியும். நண்பர் பத்தடி முன்னால் போய், என்னைப் பார்த்துத் திரும்பி நிற்பார். அவர் எஞ்சின் டிரைவர். நான் கைகாட்டி மரம். கீழே சிவப்பு இருக்கும்வரை என் குடை கிடையாக நீண்டிருக்கும். தூரத்தில் லோக்கல் ரயிலின் சத்தம் கேட்கத் தொடங்கியதும் அவர் பந்தயம் கட்ட வேண்டும்: வண்டி சிவப்பில் மாட்டி நிற்குமா, அதற்குள் விளக்கு மாறிவிடுமா? அவர் கீழே எட்டிப் பார்க்கக் கூடாது. விளக்கு மாறினால் நான் குடையைச் சாய்ப்பேன். தோற்றவர் டீ வாங்கித் தர வேண்டும்.

அந்த அரை நிமிடத்தில் எங்களுக்கு வரும் பரபரப்பு இருக்கிறதே! மூச்சே நின்றுவிடும். அவர் "நிக்கும் ஓய், நிக்கும்!" என்று குதிப்பார். நான் முகத்தில் ஒன்றும் காட்டாமல் மரமாக நிற்பேன்.

முதல் நாளே அவர் ஒன்று சொன்னார்.

"ஓய், குடையை அந்தப் பக்கம் கம்பிக்கு வெளியில நீட்டுமேன். இப்படி நீட்டினா வழியை மறிக்கறது."

"அது தப்பான கை வே. கைகாட்டியோட கை டிரைவருக்கு இடப்பக்கம்தான் நீளணும். நீரு டிரைவர். உம்ம இடப்பக்கம் இதுதான்."

"நான் டிரைவரும் இல்லை, நீர் சிக்னலும் இல்லை. ரெண்டு கிழம்."

"விளையாட்டுன்னாலும் முறையா இருக்கணும்லா?"

வலது கையில் பிடித்தால் குடை பாதைக்குக் குறுக்கே நிற்கும். இடது கைக்கு மாற்றியிருந்தால் கம்பிக்கு வெளியே, ரயில்வே ஆகாயத்தில் நின்றிருக்கும், யாருக்கும் தொந்தரவில்லை. வாழ்நாள் முழுக்கச் சரியான கையைப் பார்த்துப் பழகியவனுக்குத் தப்பான கை வரவில்லை. வரவில்லை என்பதைவிட, வரவைக்க மனமில்லை.

துர்கா பூஜைக்குச் சில வாரங்களே இருந்த ஒரு காலை. மழை பெய்து விட்டிருந்தது. பாதையில் அங்கங்கே சேற்றுத் தண்ணீர். சிவப்பு. நான் குடையை நீட்டிவிட்டேன். ரயில் சத்தம் வர ஆரம்பித்தது. நண்பர் "போயிடும்! இன்னைக்குப் போயிடும்!" என்று கையைத் தட்டுகிறார். அப்போது பின்னால் மணி. ஒரு முறை. விளக்கு இன்னும் சிவப்பு. மறுபடி மணி. 'சிவப்பில் கை இறங்காது, வருகிறவர்தான் நிற்க வேண்டும்' என்று என் மனதில் ஓடியது. அப்படியே, அந்த வார்த்தைகளில்தான் ஓடியது. நண்பரின் முகம் மாறியதைப் பார்த்தேன். "ஓய்!" என்று கத்தினார்.

சைக்கிளின் கைப்பிடி குடையில் மாட்டியது. என் கை தோளோடு பிய்ந்ததுபோல் திரும்பியது; ஒரு சுற்றுச் சுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சைக்கிள் கம்பியில் மோதிச் சாய்ந்தது. ஓட்டி வந்த பெண் இடது கையை ஊன்றி விழுந்தாள். கேரியரில் இருந்த பெரிய பை வாயைத் திறந்து, உள்ளிருந்து ரவிக்கைகள் — சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ஜரிகை வைத்தவை — சேற்றுத் தண்ணீரில் பரவின.

இந்த ஊரில் கூட்டம் சேர நேரம் ஆகாது. "கீ ஹோலோ? கீ ஹோலோ?" என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று சுற்றி நின்றுவிட்டார்கள். நடப்பவர்கள், பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள், ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த டிரைவர். எல்லோரும் முதலில் பார்த்தது என்னை. வெள்ளை முடி, தரையில் உட்கார்ந்திருக்கும் கிழவன். இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"என்ன ஆச்சு மேஷோமொஷாய்?" வயதான ஆண்களை இங்கே சித்தப்பா முறையில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

நான் சொன்னேன்: "பின்னாலிருந்து வந்து இடித்துவிட்டாள்."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. ஆனால் அடுத்த கணமே திருத்தியிருக்கலாம். ஏனென்றால் அடுத்த கணமே அவள் கத்தினாள்.

"பொய்! இவர் குடையைக் குறுக்கே நீட்டிக்கிட்டு நின்னார்! நான் மணி அடிச்சேன்! ரெண்டு தடவை அடிச்சேன்!"

"வயசானவரைத் தள்ளிவிட்டுட்டு வாய் வேறயா?"

"நடைபாதையில சைக்கிள் ஏன் வருது? முதல்ல அதைச் சொல்லு!"

"நடு ரோட்டுல போய் பஸ்ஸுக்கு அடியில விழட்டுமா?" என்றாள் அவள். முப்பத்தைந்து வயது இருக்கும். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டு, கண் மட்டும் கீழே கிடந்த ரவிக்கைகள் மேல் இருந்தது. யாரோ ஒருவரின் செருப்பு நீல ரவிக்கை மேல் இருந்தது.

கூட்டம் என் நண்பரைச் சாட்சிக்குக் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "ஆமாம், இடித்தாள்" என்று விட்டார். அந்த நேரத்தில் அவரை நான் கட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஒரு பருத்த ஆசாமி குனிந்து அவளுடைய சைக்கிளின் இரண்டு டயர்களிலும் காற்றைப் பிடுங்கிவிட்டான். "நடந்து போ, அப்போ தெரியும்" என்றான். உஸ்ஸென்று நீளமான சத்தம். கீழே லோக்கல் ரயில் நிற்காமல் போயிற்று. நண்பர்தான் பந்தயத்தில் ஜெயித்திருந்தார்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் வெட்கமானது. அந்த நாள் எனக்குப் பிடித்திருந்தது. டீக்கடையில் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். லிஃப்டில் ஏறினால் விசாரித்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் எதையும் இவ்வளவு ஆவலாகக் கேட்டதில்லை. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் சைக்கிள் கொஞ்சம் வேகமாக வந்தது. மத்தியானத்துக்குள் அவள் ஒரு கையில் போன் பேசிக்கொண்டே ஓட்டினாள். சாயங்காலம் எங்கள் பகுதி கிளப்பின் காரியதரிசி ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்போடு வீட்டுக்கே வந்துவிட்டார். பூஜைப் பந்தல் போடுவதும், தண்ணீர்க் குழாய் தகராறு தீர்ப்பதும், எல்லாம் அந்த கிளப்தான்.

"இனி விடமாட்டோம் மேஷோமொஷாய். நடைபாதை நடக்கறவங்களுக்குத்தான். பந்தலுக்கு மூங்கில் வந்து இறங்கியிருக்கு. நாளைக்கே பாலத்தின் ரெண்டு பக்கமும் கட்டிடறோம். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங் வைக்கிறோம். நீங்க வந்து நடந்ததைச் சொல்லுங்க, போதும். பூஜை முடிஞ்சதும் வார்டு ஆபீஸ்ல பேசி இரும்புத் தூணே போட்டுடலாம்."

மறுநாள் காலை மூங்கில் நின்றது. இடுப்பு உயரத்தில் குறுக்கே இரண்டு, தேங்காய் நார்க் கயிற்றால் இறுக்கி. மனிதர்கள் ஓரமாக உடம்பைத் திருப்பி நுழையலாம். சைக்கிள் நுழையாது. மூங்கிலுக்கு மேலே தூக்கித்தான் அந்தப் பக்கம் வைக்க வேண்டும். மீன்காரர் கூடையை இறக்கி வைத்து, சைக்கிளைத் தூக்கி வைத்து, பிறகு கூடையைத் தூக்கினார். அடுத்த முனையில் மறுபடியும் அதே வேலை. பாதை காலியாக இருந்தது. நானும் நண்பரும் ராஜாக்கள்போல நடந்தோம். விளையாட்டை மட்டும் அவர் வேண்டாம் என்றார். குடையை அக்குளில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் என் மனைவி கடைவீதியிலிருந்து வந்தாள். கரக்பூர் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவள் அவள். அவளுடைய அப்பாவும் ரயில்வேதான். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் பையிலிருந்து ஒரு பச்சை ரவிக்கையை எடுத்து என் முன்னால் விரித்தாள். முதுகுப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை.

"இங்க பாருங்க. பூஜைக்குக் கட்டலாம்னு தைக்கக் கொடுத்தது. மூணு தடவ தோய்ச்சாளாம், போகலயாம். கூலி வேண்டாம் மாஷிமா, என்னை மன்னிச்சிடுங்கன்னு அழுதா அந்தப் பொண்ணு." மாஷிமா என்றால் இங்கே சித்தி.

"எந்தப் பொண்ணு?"

"டெய்லர் பொண்ணு. நம்ம கட்டடத்துல பாதிப் பேருக்கு அவதான தைக்கா? கை வீங்கிக் கிடக்கு, கட்டுப் போட்டிருக்கா. பாலத்துக்கு அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் கிராக்கி. பூஜை நேரத்துல வாரதுதான் அவளுக்கு வருசத்துக்கு. இப்ப மூங்கில் வேற கட்டிட்டாங்களாம். ஒத்தக் கையால சைக்கிளத் தூக்கவா முடியும்? இரும்புத் தூண் போட்டா நான் இந்தப் பக்கத்து வேலையையே விட்டுடணும் மாஷிமான்னு சொல்லுதா."

நான் ரவிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று சேற்றில் கிடந்தவற்றில் இதுவும் ஒன்று. என் வீட்டுத் துணியே எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"யார் இடிச்சதாம்?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"அவ இடிக்கலயாம். யாரோ ஒரு கிழவர் ரயில்வே கேட் மாதிரி குடையக் குறுக்க நீட்டிக்கிட்டு நின்னாராம். மணி அடிச்சும் அசையலயாம்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். என்னைப் பார்க்கவில்லை. மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்து விரித்தாள். ஒரு கம்பி வெளிப்பக்கமாக முழங்கைபோல மடிந்திருந்தது.

"பின்னால வந்து இடிச்சா குடை ஏன் இப்படி வளையுது?"

நான் ரவிக்கையை மடிக்க ஆரம்பித்தேன்.

"டிரைவருக்கு இடப்பக்கம்" என்றாள் மெதுவாக. "அதான?"

கல்யாணமான புதிதில் எந்த ஸ்டேஷனில் இறங்கினாலும் அவளுக்கு அதைத்தான் விளக்கியிருக்கிறேன். உலகத்தில் அந்த வளைந்த கம்பியைப் பார்த்து நடந்ததைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் என் வீட்டிலேயே இருந்தாள்.

"நீ அவகிட்டச் சொல்லிட்டியா?"

"எனக்கு என்ன தெரியும், நான் சொல்ல? நான் பாலத்துலயா நின்னேன்?" குடையை மடக்கி அதே மூலையில் வைத்தாள். "ஞாயித்துக்கிழமை நீங்கதான பேசுதிய. போய்ப் பேசுங்க. சாப்பிட வாங்க, ஆறிப்போகுது."

மறுநாள் நான் தனியாகப் பாலத்துக்குப் போனேன். மூங்கிலுக்கு இந்தப் பக்கம் அந்த டெய்லர் பெண் நின்றிருந்தாள். இடது கையில் கட்டு. யாராவது தூக்கிக் கொடுப்பார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள், எல்லோருக்கும் அவசரம். நான் கிட்டப் போய் சைக்கிளின் கேரியரைப் பிடித்தேன். தூக்கிவிடத்தான்.

"விடுங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அப்புறம் நான்தான் இடிச்சேன்னு சொல்வீங்க."

கையை எடுத்துவிட்டேன். அவள் முன்சக்கரத்தை வலது கையால் தூக்கி மூங்கில்மேல் சாய்த்து, தோளைக் கொடுத்து உந்தி, அந்தப் பக்கம் தள்ளினாள். சைக்கிள் மணி தானாக ஒரு தடவை அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை. போகும் வழியில் நண்பரிடம் சொல்லிவிட்டேன், உண்மையைத்தான் பேசப்போகிறேன் என்று. அவர் நடு ரோட்டில் நின்றுவிட்டார்.

"ஓய், உமக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? நீர் சத்தியவான் ஆகணும்னா ஆயிக்கும். நான் சாட்சி சொல்லியிருக்கேனே, என் கதி?"

"நீரு என்னைக் காப்பாத்தச் சொன்னீருன்னு சொல்லுதேன்."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். என்னைப் பத்திப் பேச்சே எடுக்காதீர். நான் கடைசி பெஞ்சுல உக்காந்துக்கறேன், உம்மை எனக்குத் தெரியவே தெரியாது."

கிளப் அறையில் கேரம் போர்டைச் சுவரோரம் சாத்திவிட்டு பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். வெளியே பந்தல் பாதி எழும்பி, எலும்புக்கூடுபோல் நின்றது. உள்ளே நடப்பவர்கள். வாசலில் சைக்கிள்காரர்கள், சைக்கிளை விடாமல் பிடித்துக்கொண்டு. மீன்காரர் இருந்தார். அந்த டெய்லர் பெண் வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். காற்றைப் பிடுங்கிய பருத்த ஆசாமி முன் பெஞ்சில். ஆரம்பிக்கும் முன்பே சத்தம் கூரையைத் தொட்டது.

"நடைபாதைன்னா நடக்க!"

"அப்போ பறந்து போகட்டுமா தாதா?" தாதா என்றால் இங்கே அண்ணன்.

"இறங்கித் தள்ளிக்கிட்டு வா!"

"நீங்க மூணு பேர் கைகோத்துக்கிட்டு வர்றீங்களே, தள்ளறதுக்கு இடம் எங்கே?"

காரியதரிசி மேஜையைத் தட்டி, "மேஷோமொஷாய் பேசட்டும்" என்றார். அமைதி. குடையை ஊன்றி எழுந்தேன்.

"அந்தப் பெண் என்னை இடிக்கவில்லை" என்றேன் வங்காள மொழியில். "நான் குடையைக் குறுக்கே நீட்டியிருந்தேன். மணி கேட்டது. இறக்கவில்லை. நான் சொன்னது பொய்."

யாருக்கும் புரியவில்லை. காரியதரிசி என்னிடம் குனிந்து, "வெயில்ல வந்தீங்களா? தண்ணி குடிங்க" என்றார்.

"வெயில் இல்லை. ஒரு சைக்கிளை உள்ளே கொண்டு வாருங்கள், காட்டுகிறேன்."

மீன்காரர் நொடியும் தாமதிக்கவில்லை. சைக்கிளை அப்படியே அறைக்குள் உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். மீன் வாசனையும் கூடவே வந்தது. நான் பெஞ்சுகளுக்கு நடுவே நின்றேன். வலது கையில் குடையை நீட்டினேன். சிக்னல், டிரைவர், இடப்பக்கம், பந்தயம், டீ என்று எல்லாவற்றையும் சொன்னேன். பின்னாலிருந்து மீன்காரர் சைக்கிளை உருட்டினார். கைப்பிடி குடையில் மாட்டியது. வளைந்த கம்பி சரியாக அந்த இடத்தில் பொருந்தி நின்றது!

அறை வெடித்தது.

"பாபா ரே! பாலத்துக்கே சிக்னல் போட்டிருக்கார்!"

"ரயில்வேக்காரர் ரிடையர் ஆகலப்பா, டியூட்டியிலதான் இருக்கார்!"

"அப்போ அந்தப் பக்கத்து டிரைவர் யாரு?" என்று யாரோ கேட்க, கடைசி பெஞ்சில் என் நண்பர் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

வாசலில் ஒரு சைக்கிள்காரர் பருத்த ஆசாமியைப் பார்த்து, "தாதா, காத்தை எப்போ அடிச்சுத் தரப் போறீங்க?" என்றார். பருத்த ஆசாமி விட்டத்தைப் பார்த்தான்.

எனக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனால், இதையும் சொல்ல வேண்டும், உள்ளே ஒரே குதூகலம். பொய் சொன்ன அன்று இருந்த அதே குஷி. எல்லாக் கண்ணும் என் மேல். உண்மையைச் சொல்லும்போதும் எனக்கு அதுதான் பிடித்திருந்தது. இன்னொரு தடவை செய்து காட்டக்கூடத் தயாராகக் குடையை உயர்த்தினேன்.

"போதும் மேஷோமொஷாய்" என்றாள் வாசலில் நின்றவள். சிரிப்பு மெல்ல அடங்கியது. "நல்லா நடிச்சுக் காட்டினீங்க. எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்க. என்கிட்ட என்ன சொன்னீங்க?"

நான் குடையை இறக்கினேன். பெஞ்சுகளைத் தாண்டி வாசலுக்குப் போக வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது. அவள் கட்டுப் போட்ட கையைப் பார்த்துத்தான் பேச முடிந்தது.

"தப்பு என்னுடையது. உங்கள் கைக்கும், துணிக்கும், சைக்கிளுக்கும். என்னை மன்னித்துவிடுங்கள். என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்."

"மன்னிக்கறதை அப்புறம் பார்க்கலாம். அந்தக் குடையைக் கொடுங்க."

"குடையா?"

"ஆமா. உங்க கையில அது இருந்தா நான் பாலத்துல வர பயமா இருக்கும். கொடுங்க."

மறுபடியும் சிரிப்பு எழுந்தது. நான் இரண்டு கைகளாலும் நீட்டினேன். அவள் வாங்கி, விரித்து, வளைந்த கம்பியைத் தட்டிப் பார்த்து, மடக்கி, சைக்கிள் கேரியரில் ரப்பர் கயிற்றுக்கு அடியில் செருகிக்கொண்டாள்.

அதன் பிறகு இன்னும் நெடுநேரம் சண்டை நடந்தது. அதன் முடிவில் ஒரு ஏற்பாடு வந்தது. யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. நடப்பவர்கள் கம்பி ஓரமாக, ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். பாதை குறுகும் நடுப்பகுதியில் ஆள் இருந்தால் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ள வேண்டும். பூஜை மாலைகளில் யாரும் மிதிக்கவே கூடாது. நடுவில் யாரும் நிற்கக் கூடாது. இதைச் சொல்லும்போது காரியதரிசி என்னைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். இரும்புத் தூண் பேச்சு அப்படியே நின்றுபோயிற்று. மூங்கிலை அன்று சாயங்காலமே அவிழ்த்தார்கள். பந்தலுக்குப் போதாமல் இருந்ததாம்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என் வெறுங்கையைப் பார்த்தாள்.

"குடை எங்க?"

"டெய்லர் பொண்ணுகிட்ட."

அவள் பச்சை ரவிக்கையை எடுத்து, கறைக்கு மேல் பூ வேலை செய்யச் சொல்லி மறுபடியும் அந்தப் பெண்ணிடமே கொடுக்கப் போனாள். கூலியோடு.

பூஜையின் சப்தமி நாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. எங்கோ பூஜை மேளமான டாக் கொட்டு கேட்டுக்கொண்டிருந்தது. நான் நனைந்துகொண்டே பாலத்தில் ஏறினேன். நண்பர் முன்னால் தன் குடைக்குள் நடந்தார். மீட்டிங் முதல் என்னோடு சரியாகப் பேசவில்லை. நடைக்கு மட்டும் வந்துகொண்டிருந்தார். நடுப் பாலத்தில் திரும்பிப் பார்த்தார். என் கண்ணாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"வாரும்" என்று குடையைப் பாதி என் பக்கம் சாய்த்தார். "நிமோனியா வந்து செத்தா அதுக்கும் என்னைத்தான் சாட்சி கேப்பா."

ஒரே குடைக்குள் கம்பி ஓரம் ஒட்டி நின்றோம். கீழே சிவப்பு. ரயில் சத்தம் வர ஆரம்பித்தது. நண்பருக்கு உதடு துடித்தது. என்னால் பார்க்க முடிந்தது. "நிக்கும் ஓய்" என்றார் கடைசியில், தன்னையும் மீறி.

அப்போது பின்னால் மணி. இரண்டு முறை.

இருவரும் வயிற்றை உள்ளிழுத்துக் கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கொண்டோம். அவள் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் கட்டு இல்லை. முழுக்க நனைந்திருந்தாள். துணிப் பை மட்டும் என் கறுப்புக் குடையின் கீழ் நனையாமல் இருந்தது. குடையை விரித்துக் கேரியரின் மேல் கட்டியிருந்தாள், மடிந்த கம்பி பின்பக்கமாகத் துருத்திக்கொண்டிருந்தது. எனக்கு நேரே வந்து நின்றாள். சிரிக்கவில்லை.

"மேஷோமொஷாய், ஜாபோ?" போகட்டுமா என்கிறாள்.

கீழே பார்த்தேன். பச்சை விழுந்திருந்தது! வெறும் கையைக் கம்பிக்கு வெளியே நீட்டினேன். இடது கை. தப்பான கை. மழையில் அதை மெல்லக் கீழே சாய்த்தேன்.

"ஜான்! ஜான்!" என்று கத்தினேன். போங்கள், போங்கள்.

"தோத்துட்டேனா?" என்றார் நண்பர்.

லோக்கல் ரயில் எங்கள் காலுக்கடியில் பாலத்தை அதிரவைத்துக்கொண்டு ஓடியது. அவள் திரும்பிப் பார்க்காமல் குறுகலைத் தாண்டி, ஏறி உட்கார்ந்து மிதித்தாள். இறக்கத்தில் என் குடை குலுங்கிக் குலுங்கிப் போயிற்று.